பிறந்த வீட்டுக் கோடி

ஐப்பசிக் காய்ச்சலில் சிவனம்மாள் போனாள். அவள் பிறந்த வீட்டார் உடல்மேல் போர்த்திய கோடிச் சேலையைச் சுடுகாட்டில் உருவி வேலிமுள்ளில் போட்டார்கள். போட்டதை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. மற்றவர்கள் குளிக்கப் போனபோது அவள் புருஷன் நல்லுசாமி திரும்பிப் போய் அதை எடுத்துவந்தான். சின்னாளபட்டிச் சேலை. கஞ்சி மொடமொடப்புப் போகவில்லை.

அன்று முதல் அவன் நடந்தால் பின்னால் அந்த மொடமொடப்புச் சத்தமும் நடந்தது. வாசல்வரை வரும். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்துவான். நின்றுவிடும். சேலையை எரிக்கக் கை வரவில்லை. வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை.

புத்தருக்கு இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு என்று பத்திரிகையெல்லாம் எழுதிய அந்த வைகாசியில் பொன்னுத்துரை வந்தான். கல்லூரியில் ஒரே பெஞ்சு. இலங்கைக்குப் போய்ப் பிக்குவாகித் திரும்பியவன், ரெட்டியார்சத்திரத்தில் கண்மாய்க்கரை மண்டபத்தில் தங்கியிருந்தான். அவன் போர்த்தியிருந்த துணி தோளில் கிழிந்திருந்தது. பிக்குகள் சுடுகாட்டுத் துணியைச் சாயம் தோய்த்து உடுத்துவார்கள் என்று நல்லுசாமி படித்திருந்தான். சேலையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போனான்.

“உன்னையச் சாமின்னு கூப்பிடணுமா?”

“கூப்பிடு. காலேஜுல நீங்க வச்ச பேருக்கு இது தேவல.”

“இந்தா. கிழிஞ்சதப் போட்டுக்கிட்டுத் திரியிற.”

பொன்னுத்துரை பிரித்துப் பார்த்தான். “புதுசால்ல இருக்கு.”

“சுடுகாட்டுத் துணி. உங்களுக்கு ஆகும்ல?”

“கெடந்து மக்குனதுன்னா ஆகும். இத எப்ப எடுத்த?”

“அன்னைக்கே. நெருப்பு எரியிறப்பவே.”

பொன்னுத்துரை சேலையைக் கல்தரையில் வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். “சிவனம்மாளுதா?”

நல்லுசாமி குனிந்து சேலையின் மடிப்பைச் சரிசெய்தான்.

“ஆகாதுலே. பிக்குகளுக்குன்னு விதி இருக்கு.”

“இதுக்குமா?”

“எங்க விதியெல்லாம் எவனோ செஞ்ச தப்புல பொறந்ததுதான். ஒரு பிக்கு, இன்னும் அழுகாத பொணத்து மேல இருந்த துணிய உருவிட்டான். என் துணிய எடுக்காதீங்கன்னு அதுல ஒட்டிக்கிட்டிருந்த உசுரு கேட்டிருக்கு. இவன் காதுல வாங்கல. பொணம் எந்திரிச்சுப் பின்னாடியே நடந்து வந்துச்சு. இவன் மடத்துக்குள்ள போயிக் கதவச் சாத்திட்டான். அது வாசல்லயே விழுந்துருச்சு. பெறகுதான் விதி போட்டாங்க.”

நல்லுசாமி கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். “விழுந்தது என்னாச்சு?”

“அத எழுதல.”

“யாரும் கதவத் தெறக்கலையா?”

“அதுவும் எழுதல.” பொன்னுத்துரை அவன் முகத்தைப் பார்த்தான். “செத்த நேரம் இருந்துட்டுப் போ.”

“இல்ல. வாரேன்.”

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டோரமாக நடந்தான். பின்னால் மொடமொடப்பு வந்தது. இன்று அவன் நடையை எட்டிப் போடவில்லை. பூ ஏற்றிவந்த மாட்டுவண்டி ஒன்று அவனைத் தாண்டியது. வண்டிக்காரர் ஒரு ஆளுக்கு வேண்டியதைவிட அதிகமாக ஒதுங்கி ஓட்டினார்.

வீட்டுக்குள் போய் விளக்கேற்றினான். சேலையைப் பிரித்து அவள் படுக்கும் பக்கத்தில் விரித்தான். காற்றில் கதவு ஆடியது. எழுந்துபோய்க் கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்தான்.

மொடமொடப்பு வாசலில் தயங்கியது. பிறகு நிலைப்படியைத் தாண்டியது.