வெளியேறும் அனுமதி

மன்னாரிலிருந்து அழைப்பு வந்தபோது ஜெனித் விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் சாரத்தின் மேல் நின்று சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் வெள்ளை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கேட்டான். பேசியது ஜெசிந்தா, பேசாலையில் அவன் அம்மாவுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் பெரியம்மா மகள்.

“அண்ணா, சின்னம்மாவுக்குக் கடுமையா இருக்கு. ஈரல்ல கான்சர் எண்டு சொல்லிப்போட்டினம். வீட்டை கொண்டுபோகச் சொல்லிட்டினம். உங்களைத்தான் கேட்டுக்கொண்டு இருக்கிறா.”

“சரி” என்றான் ஜெனித். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பட்டியை இழுத்தான்.

கீழே பிரஷ் கழுவிக்கொண்டிருந்த மேஸ்திரி சுப்பராயலு அண்ணாந்து பார்த்தார். “யாருப்பா போன்ல?”

“ஊர்லருந்து.”

“எந்த ஊர்லருந்து?”

ஜெனித் இன்னொரு கை பட்டியை இழுத்தான். “அம்மா இருக்கிற ஊர்லருந்து” என்றான்.

அவனுடைய அப்பாவும் அம்மாவும் தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து படகேறி வந்தவர்கள். மறு வருடம் மண்டபம் முகாமில் ஜெனித் பிறந்தான். கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் இருந்த முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். வளர்ந்தது, படித்தது, அப்பாவை அடக்கம் செய்தது எல்லாம் அங்கேதான். இலங்கையை அவன் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அரசாங்கத் தாள் எல்லாவற்றிலும் அவன் இலங்கைக்காரன்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் பெயின்ட் அடிக்கப் போன இடத்தில்தான் அங்கே நர்ஸாக இருந்த சகாய பிரியாவைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே சபை, ஒரே மொழி, ஒரே மாதாவுக்குத்தான் மெழுகுவத்தி ஏற்றினார்கள். இருந்தும் பிரியாவின் அப்பா பாக்கியராஜ், “கேம்ப் பையனுக்கா?” என்று மூன்று வருடம் முகம் கொடுக்கவில்லை. ஜெனித்தின் அம்மா அமலோற்பவமேரியும் லேசுப்பட்டவள் இல்லை. மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், “அந்த இந்தியப் பிள்ளை” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பேத்தி வெனிலா பிறந்து ஒரு வருடம் ஆனதும், சொந்தக் காணியில்தான் கண்மூட வேண்டும் என்று சொல்லி, அரசாங்கத்தில் எழுதிக் கொடுத்துத் தனியாளாக விமானம் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் ஜெனித்தும் பிரியாவும் விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். அகதிகள் விவகாரத்தைப் பார்க்கும் மேசையில் தேவநாதன் என்றொருவர் இருந்தார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

“எக்சிட் பர்மிட்டு வாங்கலாம் தம்பி. மெட்ராஸ்ல உங்க ஹைகமிஷன்ல டெம்பரரி பாஸ்போர்ட்டும் குடுப்பாங்க. போறதுக்கு வழி இருக்குது.”

“எப்ப சார் திரும்பி வர்றது?” என்றாள் பிரியா.

தேவநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுதாம்மா. இது வெளியேறும் அனுமதி. போனா இந்த முகாம் பதிவுலருந்து பேர எடுத்துடுவாங்க. அப்புறம் அவரு வேற நாட்டுக்காரர். வரணும்னா விசா கேக்கணும். குடுப்பாங்கன்னு நான் எப்படி சொல்றது?”

“இவரு இங்கதான சார் பொறந்தாரு?”

“எண்பத்தேழுக்கு முன்னாடி பொறந்திருந்தா பிரச்சனையே இல்லம்மா. தானாவே இந்தியர். இவரு நாலு வருஷம் லேட்டு.”

நாலு வருஷம் லேட்டு என்பதை ஜெனித் உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வது போல இருந்தது. கோபம் வரவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் யாரோ செருகி வைத்திருந்த வேளாங்கண்ணி மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வர்றோம் சார்” என்று எழுந்தான்.

வெளியே டீக்கடையில் பிரியா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். பிறகு சொன்னாள்: “எங்கிட்ட பாஸ்போர்ட் இருக்குதுங்க.”

குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகலாம் என்று கல்யாணத்துக்கு முன்னால் எடுத்து, பிறகு புதுப்பித்து மட்டும் வைத்திருந்தது. அதில் ஒரு முத்திரைகூட விழுந்ததில்லை.

“நீயா?” என்றான்.

“நான் போனா திரும்பி வரலாம் இல்ல. நாகப்பட்டினத்துலருந்து கப்பல் உடறாங்களாம். எங்க வார்டுல ஒருத்தங்க போய்ட்டு வந்தாங்க.”

“அம்மா உன்னாண்ட ஒழுங்கா பேசினதே இல்லயே பிரியா.”

“அதுக்கு இன்னா இப்ப? ஊசி போடவும் புண்ணு தொடைக்கவும் ஆளு வேணாமா? நான் தெனமும் யாருக்கோ செய்யறதுதான.”

விஷயம் தெரிந்து பாக்கியராஜ் மறுநாள் காலையில் அவர்களுடைய திண்டிவனம் வீட்டுக்கு வந்து குதித்தார். “பொம்பளப் புள்ள, தனியா, வேற நாட்டுக்கு! உனுக்கு அங்க யாரத் தெரியும்?”

“மாமியா வீடுப்பா. வேற யாரத் தெரியணும்?”

பாக்கியராஜ் மருமகனைப் பார்த்தார். “நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா மாப்ள?” ஜெனித் சுவரில் சாய்ந்து நின்றான். மருமகனால் போக முடியாது என்பது அவருக்கும் தெரியும். “கப்பல்ல வாந்தி வரும். எலுமிச்சம்பழம் வெச்சிக்க” என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெனித்தால் நாகப்பட்டினம் வரைகூட அவளோடு போக முடியவில்லை. மாவட்டத்தை விட்டு வெளியே தங்குவதென்றால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் அவளை ஏற்றிவிட்டான். பஸ் கிளம்பும்போது பிரியா ஜன்னல் வழியாக வெனிலாவின் கன்னத்தைத் தொட்டாள். எட்டு வயதுக் குழந்தை, “அம்மா எந்த நாட்டுக்குப் போவுது?” என்றது.

“நம்ம நாட்டுக்கு” என்று சொல்ல வாய் எடுத்தான். அது சரியாக இல்லை. “ஆயா வீட்டுக்கு” என்றான்.

பேசாலையில் பிரியா வாசலில் போய் நின்றதை ஜெசிந்தா பிறகு போனில் விவரமாகச் சொன்னாள். கிழவி கண்ணை இடுக்கிப் பார்த்தாளாம். வந்திருப்பது யாரென்று தெரிந்ததும், “நீ எப்பிடிப் பிள்ளை வந்தனி? கடலாலயோ?” என்று கேட்டாளாம்.

“கப்பல்ல அத்தை. டிக்கெட் பாத்து சீட்டுல உக்கார வெச்சாங்க.”

“ஓம், நாங்கள் போகேக்க உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு போனம்” என்று சிரிக்கப் பார்த்து, இருமலில் முடிந்ததாம். அன்றைக்கே பிரியா அவளைக் குளிப்பாட்டி, முதுகுப் புண்ணைச் சுத்தம் செய்து, துணி மாற்றியிருக்கிறாள். இரண்டாம் நாளிலிருந்து அமலோற்பவமேரி அவளை “பிள்ளை, பிள்ளை” என்றே கூப்பிட்டாள். இந்தியா எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது.

ஒரு மாலையில் வீடியோவில் அம்மாவைக் காட்டினார்கள். முகம் பாதியாகிவிட்டிருந்தது.

“சாப்ட்டியாம்மா?” என்றான் ஜெனித்.

“சாப்பிட்டனீங்களோ எண்டு கேள். எத்தனை தரம் சொன்னன். உன்ர கதை திண்டிவனத்தார் கதை மாதிரியே இருக்கு.”

“நான் திண்டிவனத்துலதான இருக்கறேன்.”

“ஓம்” என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “மகன், நீ வந்திடாதை. ஆர் என்ன சொன்னாலும் வந்திடாதை. வந்தியெண்டா பிறகு உன்ர மனுசியும் பிள்ளையும் அங்கால, நீ இங்கால. நான் இங்க ஒருத்தி, உன்ர அப்பா அங்க அந்த மண்ணுக்குள்ள. காணும், இதோட போதும்.”

“சரிம்மா” என்றான். போனை வைத்த பிறகு அந்தப் பேச்சு முழுவதையும், வேறு யாரிடமோ சேர்க்கச் சொல்லி, அம்மா தன்னிடம் விட்டுப்போனது போல இருந்தது. வெனிலாவுக்குத் தோசை ஊற்றினான். ஒன்றைக் கருகவிட்டான். அதைத் தானே தின்றான்.

முகாமில் கையெழுத்துப் போடும் நாள் வந்தது. திண்டிவனத்தில் குடியிருக்க அனுமதி இருந்தாலும், அன்றைக்கு நேரில் போய் நின்றாக வேண்டும். வரிசையில் நிற்கும்போது பிரியா கூப்பிட்டாள்.

“ஏங்க.” அவள் குரலிலேயே தெரிந்தது. “முடிஞ்சிடுச்சு. தூக்கத்துலயே. நான் பக்கத்துலதான் இருந்தேன். வலியில்ல.”

“சரி.”

“நீங்க எங்க இருக்கறீங்க?”

“கேம்ப்ல. கையெழுத்து போடணும்.”

மறுமுனையில் பிரியா அழுதாள். அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டே இரண்டு பேர் முன்னால் நகர்ந்தான். பதிவேட்டைத் திறந்து வைத்திருந்த ஆர்.ஐ. அவன் பெயரைப் படித்தார். “ஆரோக்கிய ஜெனித்.” “இருக்கறேன் சார்.” காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். எழுத்து எப்போதும் போலத்தான் விழுந்தது, கோணவில்லை.

செய்தி எப்படியோ முகாம் முழுக்கப் பரவிவிட்டது. அவர்கள் முன்பு குடியிருந்த வரிசையில் பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு அக்கா அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். அவள் வவுனியாப் பக்கத்துக்காரி, பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் எங்கிருந்தோ ஒரு மாதா படத்தைக் கொண்டுவரச் சொல்லி முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள். ஆட்கள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். யாரோ ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். பாக்கியராஜும் வெனிலாவை பைக்கில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் முகாமுக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

“அழுதிடு தம்பி, உள்ளுக்கு வைச்சிருக்காதை” என்றாள் சின்னக்கண்ணு.

அவன் முயன்று பார்த்தான். நெஞ்சில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது போல உட்கார்ந்திருந்தான். தாகமாக இருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

அங்கே பேசாலையில், அடக்கத்தின்போது சின்னச் சச்சரவு வந்ததாம். முதல் மண்ணை மகன்தான் போட வேண்டும், மகன் இல்லையென்றால் ஆண்பிள்ளை யாராவது, என்று ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார். பிரியா முன்னால் போய், “நான் அவரு எடத்துல வந்திருக்கறேன். நானே போடறேன்” என்றாளாம். அவள் பேச்சைக் கேட்டே வெளியூர்க்காரி என்று எல்லோருக்கும் தெரிந்தது. பங்குச் சுவாமியார் விலகி வழிவிட்டார். அவள் போட்டாள். ஜெசிந்தா அதைப் படம்பிடித்து அனுப்பினாள். ஜெனித் அதைத் திறக்கவில்லை. அழிக்கவும் இல்லை.

மறுநாளே வேலைக்குப் போனான். சுப்பராயலு, “ரெண்டு நாள் இருந்துட்டு வாப்பா” என்றார். “வீட்ல இருந்து இன்னா பண்றது மேஸ்திரி?” என்றுவிட்டு ரோலரை எடுத்தான்.

பிரியா திரும்பியபோது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நல்ல வெயில். கறுத்து இளைத்திருந்தாள். வெனிலா ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டது. மூவரும் எதிரே இருந்த ஓட்டலில் உட்கார்ந்தார்கள். பிரியா தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: “அத்தை பேசறத நிறுத்தறதுக்கு முன்னாடி எல்லாரையும் பத்தி கேட்டாங்க. உங்களப் பத்தி கேக்கல. ‘அவன் எப்பிடி இருப்பானெண்டு எனக்குத் தெரியும்’னுட்டாங்க.”

ஜெனித் தலையாட்டினான். பரிமாறுகிற பையன் வந்து நின்றான். மூன்று சாப்பாடு சொன்னான்.

“கடல்ல எவ்ளோ நேரம்?” என்று கேட்டான்.

“நாலு மணி நேரம். ஒரு தூக்கம் போட்டு எழுந்தா கரை வந்துடுது.”

“நாலு மணி நேரந்தானா?”

“ஆமாங்க. விழுப்புரத்துல ஏறுனா மெட்ராஸ் போய் எறங்கற நேரந்தான்.”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு வாசல் பக்கம், லாரிகள் போய்க்கொண்டிருந்த சாலையைப் பார்த்தான். அவ்வளவு பக்கத்தில் இருந்ததா என்று நினைத்தான். அந்த நினைப்பும் அவனை எதுவும் செய்யவில்லை. இலை வந்தது. வெனிலாவுக்குச் சோற்றைப் பிசைந்து ஆறவைத்தான். குழம்பு காரமாக இருந்தது என்று பிரியா சொன்னாள். அவனுக்குத் தெரியவில்லை. இலையில் விழுந்ததையெல்லாம் சாப்பிட்டு முடித்தான்.