மூக்குச் சாட்சி

அம்மாவின் கழுத்து மடிப்பில் மூக்கை வைத்து மூத்தவள் இன்னொரு முறை மோந்து பார்த்தாள். சோப்பு வாசனை. அதற்கு மேல் பவுடர். அதற்கெல்லாம் அடியில், பால்குடி நாளிலிருந்தே அவளுக்குத் தெரிந்த அம்மா வாசனை. வேறொன்றும் இல்லை.

"என்னடி, நாய் மாதிரி மோந்து பாக்கற?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"சும்மா இரும்மா. ஒரு நிமிஷம்."

"நாறுறேன், தெரியும். உசுரு போறதுக்கு முன்னாடியே உடம்பு போக ஆரம்பிச்சிடுச்சு. அதை இவ்வளவு கிட்ட வந்து வேற பாக்கணுமா?"

மூத்தவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் அந்த நாற்றம் முகத்தில் வந்து அறைந்தது. அட, இதென்ன கூத்து! அம்மாவிடம் குனிந்தால் இல்லை, நிமிர்ந்தால் இருக்கிறது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் அவள். எந்தப் பிள்ளை எந்த இருக்கையில் என்ன செய்து வைத்திருக்கிறது என்பதை ஓட்டிக்கொண்டே மூக்கால் கண்டுபிடிப்பவள். அப்பேர்ப்பட்ட மூக்கை இத்தனை நாள் சொந்த வீட்டில் பயன்படுத்தத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

தோன்றாததற்குக் காரணம் உண்டு. இந்த வீட்டில் யாரும் யார் மனசையும் நோகடிக்க மாட்டார்கள். அதுதான் இவர்களுடைய பரம்பரை வியாதி. அம்மா படுக்கையில் விழுந்த சில நாட்களில் அறையில் இந்த நாற்றம் கிளம்பியது. நோயாளி உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று ஆளாளுக்கு மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்கள். "என்னமோ நாறுதே?" என்று அம்மா கேட்டபோது, "அப்படி ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்கள், எலுமிச்சை வாசனை ஸ்ப்ரேயைக் கையில் வைத்துக்கொண்டே. கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான் தாங்கும். இவர்கள் கெட்டிக்காரர்கள்கூட இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி பொய் சொல்கிறார்கள் என்றால் நாறுவது நான்தான் என்று அம்மா கணக்குப் போட்டுவிட்டாள். அன்றைக்கே உத்தரவு வந்தது: "கதவைச் சாத்துங்க. பெத்ததுங்களையும் நர்ஸையும் தவிர ஒருத்தரும் உள்ள வரக் கூடாது."

சொன்னது யார்? தெருமுனையில் தையல் கடை வைத்திருந்தவள். அந்தக் கடையில் மெஷின் இரண்டு, பேச வருகிறவர்கள் உட்கார நாற்காலி ஆறு. பேசிக்கொண்டே தைத்து, தைத்துக்கொண்டே பேசி வாழ்ந்தவள். இப்போது அவளைப் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து, டீ குடித்து, சாத்திய கதவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கடைக் கூட்டாளிக்கும் அதே கதிதான். அவள் நாக்குக்குப் பயந்து ஊரே அவளைக் கத்தரி என்று கூப்பிடும். தினமும் காலையில் வந்து கதவுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "இருக்கியாடி?" என்பாள். உள்ளேயிருந்து, "இருக்கேன், போடி" என்று பதில் வரும். ஒரே மெஷின் சத்தத்தில் காலம் தள்ளிய இரண்டு பேருக்கு அவ்வளவுதான் பேச்சு.

இன்று காலையில் அம்மாவைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்ட நர்ஸ், போகும்போது நடையில் நின்று, "இன்னைக்குத் தாண்டறது கஷ்டம்மா. பாக்கணும்னு இருக்கறவங்க பாத்துடட்டும்" என்றாள். பார்க்க வேண்டியவர்கள் கூடம் நிறைய இருக்கிறார்கள். பார்க்கப்பட வேண்டியவள் கதவைச் சாத்திக்கொண்டு சாகப் போகிறாள். மூத்தவளுக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் மோந்து பார்த்தாள்.

நாற்றத்தின் பின்னாலேயே போனாள். ஜன்னல் பக்கம் குறைவு. அலமாரிப் பக்கம் அதிகம். அலமாரியை ஒட்டி, அறையோடு சேர்ந்த கழிப்பறை. அம்மா எழுந்து நடக்க முடியாமல் போனதிலிருந்து அதை யாரும் திறக்கவில்லை. பெட்பேனைக் கூடத்துக் கழிப்பறையில்தான் கொட்டிக் கழுவினார்கள். கதவைத் திறந்தாள். குப்பென்று வந்த வேகத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தம்பி! இங்க வாடா!"

இளையவன் ஓடி வந்தான். வீட்டில் அவனுக்குச் 'சுத்தம்' என்று பெயர். பேனாவைக்கூடத் துடைத்துவிட்டு எழுதுகிற ஜாதி. வந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயய்யோ" என்றான்.

"கோப்பையைப் பாரு. தண்ணி எங்க?"

எட்டிப் பார்த்தான். டம்ளரில் கடைசியாக மிஞ்சிய டீ மாதிரி அடியில் கொஞ்சூண்டு தண்ணீர். அதற்கு மேல் ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"அந்தத் தண்ணிதான்டா சாக்கடைக்கு மூடி. அது குறைஞ்சா கீழ இருக்கற நாத்தம் நேரா வீட்டுக்குள்ள வரும். இத்தனை நாளா நாறினது இதுடா, அம்மா இல்ல."

இளையவனுக்கு உதடு கோணியது. நாற்பது வயது ஆம்பிளை, கழிப்பறை வாசலில் நின்று அழுதுவிடுவான் போலிருந்தது. அவனைப் பார்த்தால் தானும் அழுதுவிடுவோம் என்று மூத்தவள் வாளியை எடுத்தாள்.

ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். கோப்பையில் தண்ணீர் அழகாக ஏறி நின்றது. இவ்வளவுதானா என்று இருவரும் மூச்சு விட்ட நேரத்தில், கூடத்துக் கழிப்பறையில் யாரோ ஃப்ளஷ்ஷை இழுத்தார்கள். இங்கே, இவர்கள் கண்ணெதிரே, கோப்பை 'குளுக்' என்றது. தண்ணீர் ஒரு துள்ளு துள்ளி உள்ளே போனது. மறுபடி 'குளுக், குளுக்'. பழைய நிலைக்கே வந்துவிட்டது.

"அங்க எவன்டா தண்ணி குடிக்கறது?" என்று கட்டிலிலிருந்து அம்மா கேட்டாள்.

மூத்தவள் விஷயத்தைச் சொன்னாள். அங்கே இழுத்தால் இங்கே காலியாகிறது என்றாள்.

அம்மா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, "மெஷின் எண்ணெய் டின்னுல ஒத்த ஓட்டை போட்டுக் கவுத்துப் பாரு. இப்படித்தான் குளுக்குளுக்குங்கும்" என்றாள். "காத்து போக இன்னொரு ஓட்டை வேணும். இல்லன்னா கிடைச்ச இடத்துலேருந்து இழுக்கும். மாடியில அதுக்குன்னு ஒரு பைப்பு நிக்குதே, வாய் திறந்தபடி. அதுல என்ன, குருவி கூடு கட்டிடுச்சா?"

மூத்தவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவரைப் பார்த்தான்.

"டேய்."

"அக்கா, அது வந்து..."

"என்னடா பண்ணின?"

"மூடிட்டேன்."

"எதை?"

"அந்தப் பைப்பை. பெயின்ட் டப்பாவைக் கவுத்து, டேப்பு போட்டுச் சுத்திட்டேன். கெட்ட நாத்தம்க்கா அது. நீங்க எல்லாரும் கீழ இருக்கீங்க. எனக்கு அழணும்னா மாடிக்குத்தான் போவேன். அங்கயும் நிம்மதியா நின்னு அழ முடியல..."

ஊர் வாயைத்தான் மூட முடியாது, குழாய் வாயை மூடலாமே என்று நினைத்திருக்கிறான் பாவி. மேலே போக வேண்டிய நாற்றத்தைக் கீழே அனுப்பி, பெற்ற தாயின் தலையில் கட்டிவிட்டான். திட்டுவதற்காகத்தான் மூத்தவள் வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான்.

இருவரும் மாடிக்கு ஓடினார்கள். அவன் செய்கிற வேலை சும்மா இருக்குமா? டேப்பைச் சுற்றியிருந்த அழகுக்குப் பரிசே கொடுக்கலாம். சமையலறைக் கத்தியால் அறுத்து அறுத்துக் கை வலித்தது. டப்பா கழன்று வந்ததும் குழாய் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "நாறட்டும், நல்லா நாறட்டும்" என்று குழாயைத் தட்டிக் கொடுத்தாள் மூத்தவள். கீழே வந்து கோப்பையை நிரப்பினார்கள். கழிப்பறைத் தரையின் வடிகால் ஓட்டையிலும் இரண்டு சொம்பு ஊற்றினார்கள். இளையவன் கூடத்துக்குப் போய் ஃப்ளஷ்ஷை இழுத்துவிட்டு, "எப்படி?" என்று கத்தினான். கோப்பைத் தண்ணீர் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். இறங்கவில்லை. "நிக்குதுடா!" என்று மூத்தவள் பதிலுக்குக் கத்தினாள். கூடத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியை ஓட்டினாள். வெளிக்காற்று உள்ளே வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டியாம்மா? நாறினது நீ இல்ல. உன் அருமைப் புத்திரன் பண்ணின வேலை."

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரிப்பானது. "அழறதுக்கு இடம் பாத்தான் பாரு" என்றாள். பிறகு முகம் வாடியது. "சரி, அதுவும் நாறிச்சு. நானும் நாறுறேன். நீங்க எனக்காக எதையும் சொல்லுவீங்க. உங்களை நான் நம்ப மாட்டேன்."

"சத்தியமா இல்லம்மா!"

"போன வாரம் ஸ்ப்ரேயைக் கையில வெச்சுக்கிட்டு நீ போட்டதும் சத்தியம்தானே?"

மூத்தவள் அன்பாகச் சொன்ன பொய்யெல்லாம் வரிசையாக வந்து எதிரே நின்றது. இனி இந்த வாயால் உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. நர்ஸ் சொன்ன பேச்சு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பொழுது போய்க்கொண்டிருந்தது. அவள் எழுந்து கதவைத் திறந்து, எதிரே உட்கார்ந்திருந்த கத்தரியைக் கூப்பிட்டாள்.

"சித்தி, உள்ள வாங்க."

"வேணாம்டி!" என்றாள் அம்மா. ஆனால் கத்தரி அதற்குள் வந்துவிட்டாள். இவ்வளவு நாள் கதவுக்கு முன்னால் காத்திருந்தவளுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "கிட்ட வராதடி. நாறுறேன்."

"அதை நான் சொல்றேன்" என்றாள் கத்தரி.

கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த மாப்பிள்ளையிடமே, "இந்தக் கலர்ல நீங்க இன்னும் கறுப்பாத் தெரிவீங்க" என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்தவள் அவள். அதற்காக அம்மா அவளோடு போட்ட சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. இப்போது குனிந்து அம்மாவின் தலையை மோந்தாள். காது பக்கம், கழுத்து, தோள். கையைத் தூக்கிப் பார்த்து அங்கேயும் மோந்தாள். துணியின் தையலைச் சோதிப்பது போல அவசரமே இல்லாமல் செய்தாள். மூத்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பவுடரைக் கொட்டினது யாரு? தும்மல் வருது" என்றாள் கத்தரி. "வாயில மருந்து நாத்தம் இருக்கு. தலையில எண்ணெய்ப் பிசுக்கு, சீப்பு பட்டு எத்தனை நாளாச்சோ. தலைகாணி உறையை மாத்தணும்."

"சாக்கடை?"

"அந்தக் கக்கூஸ் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு. உம்மேல இல்ல."

"பொய் சொல்லாதடி."

"உனக்காக நான் எதுக்குடி பொய் சொல்லணும்? நீ என்ன எனக்குச் சம்பளமா குடுக்கப் போற?"

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போர்வையை மெல்ல இறக்கினாள். கண்ணோரம் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. "சீப்பை எடுத்துட்டு வா" என்றாள் மகளிடம். "அறைக் கதவை நல்லாத் தெற."

மூத்தவள் அழுதுகொண்டேதான் சீப்பைத் தேடினாள். இவ்வளவு சந்தோஷமான அழுகை அவளுக்கு இதற்கு முன் வந்ததில்லை.

அதற்குப் பிறகு அந்த அறை அறையாகவா இருந்தது? தெருமுனைக் கடை மாதிரி ஆகிவிட்டது. வந்தவர்கள் கட்டில் காலடியில், ஜன்னல் மேட்டில், தரையில், எங்கே இடம் கிடைத்ததோ அங்கே உட்கார்ந்தார்கள். இடமில்லாதவர்கள் வாசல்படியிலும் அதைத் தாண்டிக் கூடத்திலும் நின்றார்கள். டப்பா கதையை இளையவனே ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டால் அம்மா விரலால் தட்டி, "சொல்லுடா, இவருக்குத் தெரியாது" என்றாள். அவள் அதிகம் பேசவில்லை. மூச்சு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு, யாராவது சிரித்தால் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

வெயில் சாயும் நேரத்தில் கத்தரியின் முழங்கையைத் தொட்டு, "அந்த ஹெட்மாஸ்டர் கதையைச் சொல்லுடி" என்றாள்.

கத்தரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "புதுப் பள்ளிக்கூடக் கட்டடம் திறக்கற விழா. ஹெட்மாஸ்டருக்குப் பேன்ட்டு இவதான் தைச்சா. வாய் ஓயாம பேசிக்கிட்டே தைச்சதுல, ரெண்டு பாக்கெட்டு வாயையும் சேத்துத் தைச்சிட்டா. அந்த மனுஷனுக்குப் பாக்கெட்டுல கை விட்டாத்தான் பேச்சே வரும். மேடையில ஏறி நின்னாரு. கையை விடறாரு, போகல. அந்தப் பக்கம் விடறாரு, அதுவும் போகல..."

அம்மாவின் கை மூத்தவளின் கைக்குள் இருந்தது. அது கனமானதை அவள்தான் முதலில் உணர்ந்தாள். அம்மாவின் முகம் கத்தரியின் பக்கம் திரும்பியிருந்தது. உதட்டோரத்தில் சிரிப்பு, அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பது போல. மூச்சு வருமா என்று மூத்தவள் பார்த்தாள். வரவில்லை. அவள் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. தலையைத் தூக்கிக் கத்தரியைப் பார்த்தாள்.

கத்தரியும் பார்த்துவிட்டாள். பேச்சு நின்றது. அறையில் இருந்தவர்கள் கதையின் உச்சம் வரப்போகிறது என்று நினைத்து முன்னால் சாய்ந்தார்கள்.

கத்தரி நாற்காலியை இழுத்து அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "அப்புறம் என்ன ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தவளுக்குக் குரல் உடைந்தது. மறுபடி சத்தமாகவே தொடர்ந்தாள். "அப்புறம் வேற வழி இல்லாம, ரெண்டு கையையும் கட்டிக்கிட்டுப் பேசி முடிச்சாரு. பெரிய மனுஷன் கையைக் கட்டினா அதுல என்னமோ அர்த்தம் இருக்கும்னு நினைச்சு, மறுநாள்லேருந்து அந்தப் பள்ளிக்கூடத்துல அத்தனை வாத்தியாருங்களும் கையைக் கட்டிக்கிட்டுத்தான் பாடம் நடத்தினாங்க."

அறை முழுக்கச் சிரித்தது. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். கூடத்துக் கோடியில் இருந்த ஒருவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ன, என்ன சொன்னாங்க?" என்று முன்னால் நின்றவரின் தோளைத் தொட்டுக் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே திரும்பி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.