பதினேழு கிலோ

பல் டாக்டருக்குப் பிடுங்குவது கை வந்த கலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஆடுகிற பல்லையும் பிடுங்குவார், ஆடாத பல்லையும் பிடுங்குவார். இதைக் காப்பாற்ற முடியாதா என்று யாராவது இழுத்தால் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "நீங்களே சொல்லுங்க" என்பார். அதில் என்ன தெரிகிறது என்று கேட்கும் தைரியம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. இப்படிப்பட்ட மனிதர் கையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கிடைத்தால் என்ன ஆகும் என்று அவர் மனைவியாவது முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

கார் சிவப்பு. இரண்டே இருக்கை. ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டிச் சலித்ததை மூன்றாவது ஆளாக வாங்கியிருந்தார். முதல் ஒன்றரை வருடம் எல்லாம் நல்லபடியாகவே போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கிளம்புவார்கள். திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருந்த மனைவிக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. பக்கத்து இருக்கையில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வாள். எங்கே போகிறோம் என்று அவளும் கேட்கமாட்டாள், இவரும் சொல்லமாட்டார். பத்து மணிக்குத் திரும்பி வந்து சாப்பிடுவார்கள்.

அதன் பிறகுதான் டாக்டர் இணையத்தில் ஒரு குழுவில் சேர்ந்தார். இதே கார் வைத்திருப்பவர்களின் குழு. காரின் எடையைக் குறைத்தால் வேகம் தானாக வரும் என்பது அங்கே எல்லோருக்கும் வேதவாக்கு. 'கிராம்' என்ற பட்டப்பெயரில் ஒருவர், சாவிக்கொத்திலிருந்து வளையத்தைக் கழற்றிய அனுபவத்தை நாலு பத்திக்கு எழுதியிருந்தார். டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார்.

மறுநாளே தரைக் கம்பளத்தை உரித்தார். பிறகு ரேடியோ போனது. ஏசி போனது. ஸ்பேர் டயர், கூரையின் உள்துணி, கதவுக்குள் இருந்த பஞ்சு, கண்ணாடி வைத்த சூரிய மறைப்பு என்று ஒவ்வொன்றாகப் போயின. கழற்றியதை எல்லாம் எடை போட்டு எழுதி வைத்தார். எடை போட வீட்டில் இருந்ததோ ஆள் நிற்கிற மெஷின். அதனால் ஒவ்வொரு தடவையும் பொருளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி நிற்பார், வருகிற எண்ணிலிருந்து தன் எடையைக் கழிப்பார். தன் எடை தொண்ணூற்றாறு. அதை அவர் வாய்விட்டுச் சொல்லிக் கழிப்பதை மனைவி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தொண்ணூத்தாறை எப்ப கழட்டப் போறீங்க?" என்றாள் ஒருநாள்.

டாக்டர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கண் பக்கத்து இருக்கையில் இருந்தது.

ஸ்பானரோடு அவர் காருக்குள் குனிந்தபோது மனைவி ஷெட் வாசலில் வந்து நின்றாள். "அப்ப நான் எங்க உக்கார்றது?"

"ரேஸ் டிராக்ல நம்ம காரை ஓட்டிப் பாக்கற டிராக் டே வருதுல்ல, அது முடியற வரைக்கும்தான். அப்புறம் மாட்டிடறேன்."

"எதையாவது கழட்டிட்டு மாட்டியிருக்கீங்களா?"

அதற்குள் முதல் போல்ட் வந்துவிட்டது. நாலே போல்ட். இருக்கையின் பெல்ட்டையும் விட்டுவைக்கப் பிரியமில்லை, ஆனால் அதன் போல்ட் துருப்பிடித்து ஒரேயடியாக அடம்பிடித்ததால் போனால் போகிறதென்று விட்டார். இருக்கையைக் கட்டிப்பிடித்து மெஷின் மேல் ஏறினார். "நூத்திப் பதிமூணு. என்னோடது தொண்ணூத்தாறு. பதினேழு கிலோ" என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னார். திரும்பிப் பார்த்தபோது மனைவி அங்கே இல்லை.

அன்று மாலையே அந்த இருக்கை ஹாலுக்கு வந்துவிட்டது. ஜன்னலோரம் இரண்டு மரக்கட்டைகளைப் போட்டு அதன் மேல் அதை நிறுத்தி, மனைவி அதில் உட்கார்ந்து திரைச்சீலைகளுக்கு ஓரம் அடிக்க ஆரம்பித்தாள். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. சொந்தக்காரர்கள் வந்தால் சோபாவைக் காட்டுவாள். டாக்டர் கார் பேச்சை எடுத்தால் பக்கவாட்டில் உள்ள பிடியை இழுப்பாள். இருக்கை சடக்கென்று பின்னால் சாயும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். கார் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் தனியாகவே போய்த் தனியாகவே வந்தார். ஏனோ ஒன்பது மணிக்கே திரும்பிவிடுவார்.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. அவள் ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "எனக்கு ஒரு சந்தேகம். இது ஓட்டற காரா, கழட்டற காரா?" என்றாள்.

டாக்டருக்குச் சுருக்கென்று தைத்தது. "வர்ற சனிக்கிழமை டிராக்ல ஓட்டிக் காட்டறேன். ஓட்டாம திரும்பி வந்தேன்னு வை, திங்கட்கிழமையே வித்துடறேன்."

"யாருக்கு?"

"எதிர் கிளினிக் கண் டாக்டர்தான் கேட்டுக்கிட்டே இருக்காரே."

"அவர் சாம்பல் கலர் அடிக்கப் போறதா சொன்னாரு."

டாக்டர் எச்சிலை விழுங்கினார். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார். ஒன்றரை மணி நேரப் பயணம். கம்பளமும் பஞ்சும் இல்லாத காருக்குள் ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகப் பேசியது. புதிதாகப் போட்டிருந்த விறைப்பான ஸ்பிரிங் உபயத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பல்லைப் பற்றியே அவருக்குக் கவலை வந்தது. ஆனால் டிராக்கில் சோதனை போட்டவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. பிரேக் பார்த்தார்கள், டயர் பார்த்தார்கள், இழுவைக் கொக்கியை ஆட்டிப் பார்த்தார்கள், ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்தார்கள். "சுத்தமா வச்சிருக்கீங்க சார்" என்றார் ஒருவர். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு பதிவு மேஜைக்குப் போனார். அங்கே தொப்பி போட்ட பதிவாளர் படிவத்தைப் புரட்டினார். "முதல் தடவையா சார்?"

"ஆமா."

"அப்ப முதல்ல பயிற்சியாளர் உங்ககூட வருவாங்க. அவங்க கையெழுத்துப் போட்டாதான் நீங்க தனியா ஓட்டலாம். மூணாவது பக்கத்துல இருக்கு, படிச்சிருப்பீங்க."

டாக்டர் முதல் பக்கத்தைப் படித்திருந்தார். சைலன்சர் சத்தம் எவ்வளவு இருக்கலாம் என்பதை மனப்பாடமாகவே சொல்வார். மூன்றாவது பக்கத்தைத் திருப்பவே இல்லை.

பயிற்சியாளர் வந்தார். ஒடிசலான பெண்மணி, கையில் ஹெல்மெட், முகத்தில் அலாதியான பொறுமை. காருக்குள் எட்டிப் பார்த்தார். டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் வெறும் தகரமும் நாலு ஓட்டையும் இருந்தன.

"நான் நின்னுக்கிட்டே வரணுமா டாக்டர்?"

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. இந்தக் காரை ஓட்டத் தகுதி பெற வேண்டும் என்று ஆறு மாதம் உழைத்து, தகுதி கொடுக்கிறவர் உட்காரும் இடத்தையே பிடுங்கி எறிந்திருந்தார். பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்குள்ள சீட்டோட வாங்க. அதுக்கப்புறம் புது ஆளுங்களைச் சேர்க்கறதில்ல." பக்கத்தில் நின்ற ஒருவர் இரக்கப்பட்டு ஒரு மடக்கு நாற்காலியைக் கொடுத்தார். இதைக் காருக்குள் போடக் கூடாதா என்று டாக்டர் நிஜமாகவே கேட்டார். கூடாது என்றார்கள்.

மணி ஒன்பதரை. இனி இருப்பது ஒரே வழி. மனைவிக்குப் போன் போட்டு, மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார்.

மனைவி குறுக்கிடாமல் கடைசிவரை சொல்லவிட்டாள். பிறகு கேட்டாள்: "நான் கொண்டு வரலேன்னா?"

"ஓட்ட முடியாது."

"ஓட்டலேன்னா?"

"வித்துடணும்."

"அப்ப நான் எதுவுமே செய்ய வேணாம். இந்தச் சீட்ல இப்படியே உக்காந்திருந்தா போதும். திங்கட்கிழமை கார் போயிடும்."

"போதும்" என்றார் டாக்டர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், வலிக்காது என்ற ஒன்றைத் தவிர.

போனில் சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இருக்கை சாய்கிற சத்தம். லைன் துண்டிக்கப்பட்டது.

டாக்டர் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். எதிரே மற்றவர்களின் கார்கள் விர்ரென்று போய்வந்தன. கண் டாக்டர் இந்தக் காரைச் சாம்பல் கலரில் ஓட்டிப் போவதை நினைத்துப் பார்த்தார், வருத்தமாக இருந்தது. அதைவிட வருத்தமான இன்னொன்றும் வந்து நின்றது. கார் போய்விட்டால் ஹாலில் அந்த இருக்கை மட்டும் மிஞ்சும். அவள் அதில் தனியாகவே உட்கார்ந்திருப்பாள், இவர் சோபாவில் உட்கார்ந்திருப்பார், கிளம்பிப் போக எதுவும் இருக்காது.

பத்தே முக்காலுக்கு, வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்த அவர்களுடைய பழைய கார் கேட்டுக்குள் நுழைந்தது. நுழைந்த வேகத்தைப் பார்த்துப் பதிவாளர் எழுந்தே நின்றுவிட்டார். பின்சீட்டில் அந்த இருக்கை கம்பீரமாக உட்கார்ந்திருந்தது, பெல்ட் போட்டு.

"அதுக்குள்ள எப்படி வந்த?" என்றார் டாக்டர். "எனக்கே ஒன்றரை மணி நேரம் ஆச்சு."

"ஓட்டிக்கிட்டு வந்தேன்" என்றாள்.

இருவருமாக இருக்கையைத் தூக்கி வந்தார்கள். அப்போதுதான் டாக்டருக்குப் பகீரென்றது. "போல்ட்டு. நாலும் எங்க வச்சேன்னே தெரியலையே."

மனைவி கைப்பையிலிருந்து ஒரு பொத்தான் டப்பாவை எடுத்தாள். உள்ளே பஞ்சு வைத்து நாலு போல்ட்டும் படுத்திருந்தன. "கழட்டறவருக்கு மாட்டறது ஞாபகம் இருக்காதுன்னு அன்னைக்கே பொறுக்கி வச்சேன்."

டாக்டர் மண்டியிட்டு மாட்டினார். நாலாவது போல்ட்டை முறுக்கும்போது அவள் குனிந்து, "இனிமே இது இறங்காது" என்றாள். இறங்காது என்றார் டாக்டர்.

பயிற்சியாளர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். கார் டிராக்கில் இறங்கியதும் டாக்டர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். முதல் வளைவுக்கு அரை மைல் இருக்கும்போதே பிரேக்கை மிதித்தார். இரண்டாவது வளைவில் கண்ணை மூடிக்கொண்டாரோ என்று பயிற்சியாளருக்கே சந்தேகம் வந்தது.

"வாயைத் திறங்க டாக்டர்" என்றார் அவர் அமைதியாக.

"என்னது?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கீங்க. வாயைத் திறந்து மூச்சு விடுங்க. கையைத் தளர்த்துங்க. ஒண்ணும் வலிக்காது."

இதே வார்த்தைகளை எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறோம் என்று டாக்டருக்கு நினைவு வந்தது. கேட்கிற இடத்தில் உட்கார்ந்தால் அதை நம்புவது எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறந்தார். நாலாவது சுற்றில் மூச்சு வந்தது, ஆறாவது சுற்றில் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. திரும்பி வந்ததும் பயிற்சியாளர் காரில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டார். "வேகம் பத்தாது. ஆனா யாருக்கும் ஆபத்து இல்ல" என்று பதிவாளரிடம் சொன்னார்.

டாக்டர் நெஞ்சை நிமிர்த்தி மனைவியைத் தேடினார். இப்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போகலாம், பழைய ஞாயிற்றுக்கிழமை மாதிரி. அவள் பதிவு மேஜையில் நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது பக்கத்தை நிதானமாகப் படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டாள். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது.

"என்ன பண்ற?"

"ஓட்டப் போறேன். சாவியைக் குடுங்க."

பயிற்சியாளர் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. வீட்டுக் கார் கேட்டுக்குள் நுழைந்ததை அவரும் பார்த்திருந்தார்போல. மனைவி இரவல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங் பக்கம் ஏறினாள். டாக்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இரண்டே இருக்கை, இரண்டிலும் ஆள்.

"அப்ப நான் எங்க உக்கார்றது?" என்றார்.

கேட்ட பிறகுதான் அது காதில் விழுந்தது. மனைவி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவரையே பார்த்தாள். டாக்டர் மெதுவாகப் போய் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் அரை மைலுக்கு முன்பே பிரேக் போட்ட வளைவில் அவள் எங்கே பிரேக் போட்டாள் என்று கடைசி வரை அவருக்குத் தெரியவில்லை. சிவப்பாக ஏதோ போயிற்று, அவ்வளவுதான். மூன்றாவது சுற்றில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள், அது யார் கார் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். "எங்க கார்" என்றார் டாக்டர். 'எங்க' என்று சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது அவளே ஸ்டியரிங் பக்கம் போனாள். வீட்டுக் கார் என்ன ஆவது என்று கேட்டார் டாக்டர். "இங்கேயே நிக்கட்டும். நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, ரெண்டு பேருமா வந்து எடுத்துக்கலாம்" என்றாள்.

டாக்டர் அந்தப் பதினேழு கிலோவில் முதல் தடவையாக உட்கார்ந்தார். காலை நீட்டினால் வெறும் தகரம் சுட்டது. தலைக்கு மேல் கூரை இரைந்தது. கார் கேட்டைத் தாண்டுவதற்குள் அவர் வாயைத் திறந்தார்.

"கார்பெட்டை மாட்டிடறேன். பஞ்சையும் மாட்டிடறேன். அந்த ரேடியோவையும்."

"முதல்ல பெல்ட்டை மாட்டுங்க" என்றாள் அவள்.

மாட்டிக்கொண்டார்.