கடல் கொண்ட தம்பி

முகில் கலைந்து வெயில் தாழ்ந்த பிற்பகலில், வீராணம் ஏரியின்மேல் தவழ்ந்துவந்த ஈரக்காற்று தில்லையின் தேர்வீதிகளில் உலாவி, கோபுரத்துப் புறாக்களை எழுப்பி, பேருந்து நிலையத்தின் இரைச்சலையும் சற்றே தாலாட்டி அடக்கியிருந்தது. கீழவீதியை ஒட்டிய சிறு கூடத்தில் கதைக்கேண்மை மன்றத்தின் ஆண்டுவிழா நடந்துகொண்டிருந்தது. கதை எழுதுவோரையும் படிப்போரையும் நேருக்கு நேர் அமர்த்தி மகிழ்வதற்கென்றே, ஊதியம் கருதாத நண்பர் சிலர் நடத்திவரும் மன்றம் அது. அங்கே பொன்னாடை இல்லை. ‘மறுசொல்’ என்றொரு வழக்கம் உண்டு. படித்தவர் அக்கதையை எழுதியவருக்கே திருப்பிச் சொல்வார். சொல்லி முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கலாகாது. எழுத்தாளர்க்கு இதனினும் கொடுமை உண்டோ, அன்பரே!

தேவனாம்பட்டினத்து ஆரோக்கிய ராணியோ ஒரு சொல்லைத் திருத்துவதற்காகவே வந்திருந்தாள். ஆழிப்பேரலை நாளில் தம்பி மரியலூர்துவைப் பறிகொடுத்தவள் அவள், உடலும் கிடைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் வாயிலைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, இனி எதிர்பார்ப்பதில்லை என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, தன் புதினத்தின் கடைசி வரியாகக் ‘கடல் அவனைக் கொன்றது’ என்று எழுதினாள். அச்சுக்கூடத்தில் எவர் கைப்பிழையோ, ‘கடல் அவனைக் கொண்டது’ என்று வந்துவிட்டது. மன்றம் வெளியிடும் மறுபதிப்பு மறுநாள் அச்சேற இருந்தது.

“அந்தச் சொல்ல மாத்தணும், இலக்கியா. மறந்துடாத,” என்றாள், மன்றச் செயலரிடம்.

“மொதல்ல மறுசொல் முடியட்டும்க்கா,” என்று சிரித்தாள் இலக்கியா.

ராணியின் புதினத்துக்கு மறுசொல் சொல்ல, எதிரே வந்து அமர்ந்தார் காட்டுமன்னார்கோயில் சௌந்தரம் அம்மாள். அவர் சொல்லச் சொல்ல, கூடத்தின் சுவர்கள் கரைந்து உப்புக்காற்று வீசியது. படகுகள் வந்து நின்றன. ஈரச் சட்டையோடு தம்பி அக்காளைப் பார்த்துச் சிரித்தான். ராணி கண்களை மூடிக்கொண்டாள். கடைசி வரியையும் சொல்லிவிட்டு, சௌந்தரம் ராணியின் பக்கம் சாய்ந்தார்.

“எம் புள்ள சிலம்பரசன் கோவிச்சுக்கிட்டுப் போயி வருசக்கணக்காச்சும்மா. இருக்கானா இல்லையான்னே தெரியல. அவுங்கவுங்க வாய்க்கு வந்ததச் சொல்றாங்க. நீங்க கொன்னுச்சுன்னு எழுதல, கொண்டதுன்னு எழுதுனீங்க. அப்படின்னா எங்கியோ வச்சிருக்குதுன்னுதான அர்த்தம்? அதப் படிச்ச அன்னிக்குத்தான் நான் தூங்குனேன்.”

இனி ராணி பேசலாம். உண்மை நாவின் நுனியில் நின்றது. தான் உறங்கக் ‘கொன்றது’ வேண்டும்; இத்தாய் உறங்கக் ‘கொண்டது’ வேண்டும். இரண்டும் ஒரு தாளில் அடங்கா. அவளுக்கு அழுகை வந்தது.

“ஆமாம்மா,” என்றாள். “அப்படித்தான் எழுதுனேன்.”

பிறகு இலக்கியாவிடம் திரும்பி, “அது அப்படியே இருக்கட்டும்,” என்றாள்.

நிலவெழும் வேளையில் தேவனாம்பட்டினத்துக் கரையில் இறங்கினாள் ராணி. இத்தனை ஆண்டுகளாகக் கடலுக்கு முதுகு காட்டியே நடந்து பழகியவள், அன்று அதன் முகத்துக்கு நேரே நின்றாள். எழுதியவர் சாத்திய கதவைப் படிப்பவர் திறந்துவிட்டால், அதை மீண்டும் சாத்தும் உரிமை எழுதியவர்க்கும் இல்லை போலும். அலை வந்து காலை நனைத்தது. அவள் குனிந்து, பிள்ளையைப் பிறர் வீட்டில் விட்டுச்செல்லும் தாயைப்போல் மெல்லச் சொன்னாள்:

“பத்திரமா வச்சிரு.”