வேர் போடாத கசாயம்

மூன்றாம் நாள் கசாயத்தைக் குடித்துவிட்டு வீரய்யா மீசையைத் துடைத்தான். "ஒடம்புல சூடு ஏறுது புள்ள. அந்த வேரு லேசுப்பட்டதில்ல." வேலாயி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குவளையில் இருந்தது சுக்கும் மிளகும்தான்.

சைக்கிளில் துணி விற்க வரும் சீனாக்காரரிடம் பித்தளைச் செம்பைக் கொடுத்து, நெஞ்சு வலியில் படுத்துக் கிடந்த அவன் வாங்கிய வேர் அது. கொரியாவில் விளைந்தது, கிழவனையும் மலையேற்றும் என்று சிங்களத்தில் சொன்னாராம். மனிதனைப் போலக் கையும் காலும் பிரிந்திருந்தது. பார்க்கவே பயந்த வேலாயி, அவனுக்குத் தெரியாமல் அதைத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவிடம் கொண்டுபோனாள்.

யாழ்ப்பாணத்துக்காரரான அவர் வேரை முகர்ந்து பார்த்தார். "இதையும் நான் தாற குளிசையையும் ஒண்டாக் குடுக்காதை. நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது. அவன்ர நெஞ்சு தாங்காது. ரெண்டு மாசம் படுக்கட்டும்."

உண்மையைச் சொன்னால் வீரய்யா ஐயாவின் மாத்திரையைத்தான் எறிவான். 'சுண்ணாம்புக் கட்டி' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தவன். ஆகவே வேரை லயத்து வீட்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டுச் சுக்கைத் தட்டினாள்.

நாலாம் நாள் விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்தபோது, அவன் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நின்றான். ஐந்து வாரத்தில் அவன் அப்படி நிமிர்ந்து நின்று அவள் பார்த்ததில்லை.

"எங்க கெளம்பிட்டீங்க? ஐயா படுக்கச் சொன்னாருல்ல?"

"அவருக்கு வேரப் பத்தி என்னா தெரியும்?"

வாசலில், அவனோடு கவ்வாத்துக்குப் போகும் நல்லமுத்து சிரித்தான். "என்னா மச்சான், சீனாக்காரன் ஒன்னப் புதுசா செஞ்சு அனுப்பிட்டானா?"

உண்மையைச் சொன்னால் அந்த நிமிர்வு சரிந்துவிடும் என்று வேலாயிக்குத் தெரியும். சொல்லாவிட்டால் அவன் நெஞ்சு தாங்காத மலை இருக்கிறது.

"ஏங்க, நீங்க குடிச்சது வேரு இல்லீங்க. வெறும் சுக்கு."

வீரய்யா நல்லமுத்துவைப் பார்த்துக் கண்ணடித்தான். "சுக்காம். என்னைய நிப்பாட்ட என்னெல்லாம் சொல்றா பாருடா."

அவள் பின்பக்கம் ஓடி, மண்ணை விரலால் பறித்து வேரை எடுத்துவருவதற்குள் இருவரும் இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டிக் கண்மறைந்து போயிருந்தார்கள்.

காலை ஒன்பது மணிக்கு எதிர்மலையில் கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்தாள். கவ்வாத்து மலைச் சரிவில் எட்டுப் பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் ஒரு தரம் நின்றான், படங்கைச் சரிசெய்வது போல. பிறகு பனி இறங்கி எல்லாவற்றையும் மூடியது.

பனி விலகியபோது உச்சியில் ஏழு கத்திகள் வெயிலில் மின்னின. வேலாயியின் கண்கள் சரிவில் செடி செடியாக இறங்கின.