இன்று மோட் இல்லை

என் கணவர் பாஸ்கர், சாம்பாரை வாயில் வைப்பதற்கு முன்பே அதன் மேல் உப்பைத் தூவுகிறவர். ருசி பார்த்துவிட்டுத் தூவினால் ஒரு நியாயம் உண்டு. அவர் பார்க்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர்தான், ஒரு வீடியோ கேமை முதல் தடவை ஆடும்போது மட்டும் செய்தவன் எப்படிச் செய்தானோ அப்படியே ஆட வேண்டும், மோட் எதுவும் போடக் கூடாது என்று கொள்கை வைத்திருந்தார்.

மோட் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு கேமை ஏதோ ஒரு கம்பெனி செய்து விற்கும். வாங்கி ஆடுகிறவர்களில் கை சும்மா இருக்காத சிலர் அதில் புதிதாக ஒரு வாளையோ, ஆளையோ, ஊரையோ சேர்த்து இணையத்தில் இலவசமாகப் போட்டு வைப்பார்கள். அந்த ஒட்டு வேலைக்குத்தான் அந்தப் பெயர். கை சும்மா இருக்காதவர்களில் நானும் ஒருத்தி.

இது 2007-இல் நடந்தது. நாங்கள் பூனாவில், வாகடில் ஏழாவது மாடியில் குடியிருந்தோம். அவருக்கு ஹிஞ்சேவாடியில் வேலை. எனக்கு, வங்கிகளுக்கு சாப்ட்வேர் எழுதி எழுதி அலுத்துப்போய், வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்தது ஒரே ஒரு மோட். கேமின் பெயர் நீளமானது; வீட்டில் அதைக் ‘குதிரை’ என்றுதான் சொல்வோம். பனி பெய்யும் ஏதோ ஒரு வெள்ளைக்கார ராஜ்யத்தில் கதாநாயகன் குதிரையில் சுற்றிக்கொண்டே இருப்பான். கம்பெனிக்காரன் ஆற்றங்கரையில் சும்மா விட்டிருந்த ஒரு காலி இடத்தில் நான் ஒரு பாலமும் ஒரு சின்ன ஊரும் கட்டினேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதை இறக்கிக்கொண்டார்கள். ஒரே ஒருவர் கருத்து எழுதினார். ‘ஏன்?’ என்று கேட்டிருந்தார்.

ஹடப்சரில் புதிதாகத் திறந்திருந்த சின்ன கேம் கம்பெனி ஒன்று, நீங்கள் செய்ததை அனுப்புங்கள், பார்த்துவிட்டு வேலைக்குக் கூப்பிடுகிறோம் என்று எனக்கு எழுதியிருந்தது. திங்கட்கிழமை கடைசி நாள். இன்னும் பதினோரு நாள் இருந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும், வெறி பிடித்த மாதிரி வேண்டும். ஆனால் என் ஊர் நன்றாக இருக்கிறதா, இல்லை ‘ஏன்?’ என்று அந்த ஆள் கேட்டதுதான் சரியான கேள்வியா என்று எனக்கே தெரியவில்லை. யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

பாஸ்கரிடம் கேட்டேன். அவர் அந்த கேமை இன்னும் தொட்டதில்லை. அப்போதுதான் சிடி வாங்கி வந்திருந்தார்.

“முதல்ல ஒரிஜினலை முடிச்சுக்கறேன் அம்மிணி. அப்பறமா உன்றத ஆடறேன்.”

“முடிக்க எத்தன நாள் ஆகும்?”

“மூணு மாசம்.”

மூன்று மாசம் கழித்து அவர் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும். ‘சூப்பரா இருக்குது’ என்பார். என் சாம்பாரைப் பற்றியும் அதைத்தான் சொல்கிறார், கையில் உப்பு டப்பாவோடு.

மறுநாள் ஆபீஸுக்குக் கிளம்பும்போது ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, “அத கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிரு. சுத்தமா ஏத்தோணும், வேற ஒண்ணும் சேர்த்தக் கூடாது” என்றார்.

சரி என்றேன். கேமை ஏற்றினேன், கூடவே என் ஊரையும் ஏற்றினேன். குற்ற உணர்ச்சி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை.

நாலாம் நாள் மாலை அவருடைய குதிரை என் பாலத்தில் ஏறியது. நான் பக்கத்துச் சோபாவில் உட்கார்ந்து மேத்தி பாஜி என்கிற வெந்தயக்கீரையை ஆய்கிறவள் மாதிரி ஆய்ந்துகொண்டிருந்தேன். இலையையும் காம்பையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

“குதிரை காலு பாலத்துக்குள்ள முங்குது” என்றார். “இவ்வளவு பெரிய கம்பெனி, இதுல கோட்டை விட்டுட்டான் பாரு.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மை. மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் பாலத்தின் பலகையை ஒரு விரற்கடை உயர்த்தினேன். மாலையில் அவர் பாலத்தின் மேல் நாலு தடவை போய் வந்து பார்த்தார்.

“நேத்து முங்குச்சு. இன்னைக்கு முங்கல.”

“நேத்து கண்ணாடி போடாம பாத்தீங்களோ என்னமோ.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஊருக்குள் நுழைந்ததும் அவருடைய குதிரைக்கு இருமல் வரும். அதற்கு முளைகட்டிய பயறு கொடுக்க வேண்டும், அது ஒரே ஒரு தானியக் கடையில்தான் கிடைக்கும். அந்தக் கடை மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை மூடியிருக்கும். கதவில் பலகைகள் தொங்கும். ‘ஒரு தடவை தட்டினால் போதும், எங்களுக்குக் காது கேட்கும்.’ ‘வழி கேட்காதீர்கள், நாங்களும் இங்கே வசிக்கத்தான் வந்தோம்.’ ‘உங்கள் அவசரம் உங்களுடையது.’

இப்படிப் பலகை மாட்டி மத்தியானம் கடையைச் சாத்துகிற பூனாவின் பழைய பேட்டைகளுக்குள் ஒரு தடவை போயிருந்தால் போதும், இந்தக் கடையைச் செய்தது எந்த ஊர்க்காரி என்று தெரிந்துவிடும். பாஸ்கர் கோயமுத்தூரிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியும் வாகட், ஹிஞ்சேவாடி, நடுவில் ஒரு மால், பிம்ப்ரியில் மாமியார் வீடு, இவற்றைத் தாண்டியதில்லை. மூடிய கடைக்கு முன்னால் குதிரை இரும இரும நாலு மணிக்காகக் காத்திருந்தார்.

“ஸ்பெயின்ல மத்தியானம் கடைய சாத்திப்போட்டுத் தூங்குவாங்களாமா. அதைக்கூட உடாம வெச்சிருக்கறான் பாரு.”

நாலு மணிக்குக் கடைக்காரர் கதவைத் திறந்து, ‘நாலாகி ஒரு நிமிஷம்தான் ஆகிறது, மூச்சு விட விடுங்கள்’ என்றார். பாஸ்கர் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் நகர்ந்தது. பிறகு கடைக்காரர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கதவில் கடைசிப் பலகையை மாட்டினார். ஆங்கிலத்தில் ‘இன்று மோட் இல்லை’ என்று இருந்தது.

மராத்தியில் முளைக்கு மோட் என்று பெயர். பிம்ப்ரியில் முப்பது வருஷமாக இருக்கிற என் பிறந்த வீட்டில் முளைகட்டிய பயறையே மோட் என்றுதான் சொல்வோம். நான் வேறு எதையும் நினைத்து எழுதவில்லை.

“அம்மிணி, இங்க வந்து பாரு. நோ மோட்னு போட்டிருக்கறான். மோட் போடறவனுகள எல்லாம் செஞ்சவனே நக்கல் அடிக்கறான். நான் சொல்லல?”

சமையலறைக்கு ஓடிப்போய் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அங்கேயே நின்று சிரித்து முடித்துவிட்டு, ஒன்றுக்கும் உதவாத ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது. அவர் மாலையில் குறை சொல்வார், நான் மறுநாள் பகலில் ஊரைச் செப்பனிடுவேன். கடைக்காரன் சம்சாரம் சும்மா நிற்கிறாள், அவள் ஒரு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்றார். மறுநாள் அவள் புருஷனைப் பற்றி மூன்று வாக்கியம் பேசினாள். ஊரில் ஒரு நாய் இல்லையே என்றார். நாய் வந்தது.

“இந்த கேமு என்ற மனசைப் படிக்குது” என்றார் சனிக்கிழமை. “ராஜ்யம் பூரா ஒரு பக்கம், இந்த ஒரு ஊரு ஒரு பக்கம். இத செஞ்சவன் தனி ஆளு.”

அன்று இரவு நான் சந்தோஷத்தில் இரண்டு சப்பாத்தி அதிகம் சாப்பிட்டேன். ஹடப்சருக்கு மெயிலை எழுதி முடித்து, என் ஊரை அதில் இணைத்தும் வைத்தேன். ஞாயிறு போய்விட்டு வந்து அனுப்பிவிடலாம் என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிம்ப்ரியில் அம்மா வீட்டில் சாப்பாடு. அம்மா கரண்டியோடு வந்து பாஸ்கரின் தட்டுக்கு மேலே குனிந்தார்.

“மாப்பிளைக்கு இன்னொரு கரண்டி மோட் வெக்கட்டுங்களா?”

“என்னதுங்க அத்தை?”

“மோட்டுங்க. இன்னைக்கு நல்லா முளை உட்டிருக்குது.”

பாஸ்கர் தட்டிலிருந்த பயறைப் பார்த்தார். ஒன்றை எடுத்து, அதன் வாலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் கேட்டார்.

“கடை?”

“நான்தான்.”

“பாலம்?”

“அதுவும் நான்தான்.”

“நாயி?”

தலையாட்டினேன். கடைசி தேதி, ஹடப்சர், எனக்கு யாராவது உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

“முதல் தடவைங்கறது ஒரே ஒரு தடவதான் அகல்யா. அத நீ எடுத்துட்ட.”

அம்மிணி என்று சொல்லவில்லை. ஒரு வாரமாக என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போது அழுகை வந்தது. அவர் என்னை நம்பி சிடியைக் கொடுத்தார், நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு அவரைப் பரிசோதனை எலி ஆக்கியிருக்கிறேன். அவர் கேமை அடியோடு அழித்தார். தானே சிடியைப் போட்டு, தானே ஏற்றி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து ஆடினார். நான் படுக்கையறையில் மடிக்கணினிக்கு முன்னால் இருந்தேன். மெயில் அப்படியே இருந்தது. ஏமாற்றி வாங்கிய பாராட்டை நம்பி அதை அனுப்புவதா என்று விரல் எழவில்லை. ஆறு மணிக்கு நேரம் முடிகிறது. மூன்றரைக்குக் கூடத்திலிருந்து குரல் வந்தது.

“இங்க ஒண்ணுமே இல்ல.”

போய்ப் பார்த்தேன். திரையில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பாலம் இல்லை. அக்கரையில் புல் மட்டும் இருந்தது. குதிரை கரையில் நின்றது, இருமவில்லை.

“ஒரிஜினல்ல அங்க ஒண்ணும் கிடையாதுங்க. வெறும் ஆறுதான்.”

“கொஞ்சம் தள்ளிப் போனா?”

“காடு.”

அவர் குதிரையைக் கரையோரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடத்திப் பார்த்தார். வீட்டு எண்ணைத் தொலைத்தவர் தெருவில் நடக்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குளுகுளு என்றும் இருந்தது.

“உன்றத ஏத்து.”

“அரே, முதல் தடவை மோட் போடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“மோட் யாரு கேட்டா?” குரலில் கொள்கை கொஞ்சமும் குறையவில்லை. “நான் முதல் தடவை எத ஆடுனனோ அதுதான் எனக்கு ஒரிஜினல். அதத் திருப்பிக் குடு அம்மிணி.”

படுக்கையறைக்குப் போய் முதலில் ஹடப்சர் மெயிலை அனுப்பினேன். அவருடைய கேமை ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டுத்தான் தொட்டேன்.