பொன்னம்மையை வெட்டும் இடம்

1

இந்தக் கதை ஏதோ மிரட்டலில் பிறந்தது என்று சொன்னால் எனக்கும் கௌரவமாக இருக்கும். அப்படியில்லை. கோட்டாற்றில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்தபோது பக்கத்து இலைக்காரர் சொன்னார், அவர்கள் ஊர் அம்மனுக்குப் புதுக்கதை எழுதியாகிவிட்டதாம், பழையதைப் பாடக்கூடாதென்று கமிட்டி சொல்லிவிட்டதாம். பாயசம் வந்தது. எனக்கு இறங்கவில்லை. கதை எழுதுகிற எனக்கே இல்லாத அதிகாரம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? உண்மையில் பொறாமையாக இருந்தது.

2

சுசீந்திரம் வயல்களுக்கு நடுவே ஒரு குளத்தங்கரையில் அந்தக் கோயில்— (ஊரைத் தேடாதீர்கள். நான் கட்டியது.)

வில்லுப்பாட்டுக்காரி சுனிதாவை முதல் வரைவில் ஏழையாக, பயந்தவளாக எழுதினேன். அதை அடித்துவிட்டேன். அவள் வேனில் அவள் படமே ஆளுயரத்துக்கு இருக்கிறது. கோயில்களில் கொடைத் திருவிழா நடக்கும் மாதங்களில் அவளுடைய தேதி கிடைக்க ஊர்கள் அடித்துக்கொள்ளும். பட்டுச்சேலை கசங்கினால் பின்பாட்டுக்காரர்கள்மேல் எரிந்து விழுவாள்.

அவளிடம்தான் கமிட்டிச் செயலாளர் குமாரதாஸ் அச்சடித்த தலபுராணத்தை நீட்டினார். சாமியாடி பகவதியப்பனின் தம்பி அவர். புத்தகத்தில் அம்மன் தாமரையில் தோன்றுகிறாள். பெயர் ஸ்ரீ பத்மவாசினி.

சுனிதா அறிந்த அம்மன் பொன்னம்மை. குளத்து மடையைத் திருட்டுத்தனமாகத் திறந்து, ஊர்த் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பியவனைப் பார்த்துவிட்ட பெண். பார்த்ததை ஊரில் சொல்லுமுன் அவன் அவளை மடையிலேயே வெட்டினான். பிறகு பயந்துபோய்க் கோயில் கட்டினார்கள்.

"வெட்டுக்கதை வேண்டாம், கேட்டியா? பாடினா இங்கயும் சுத்துவட்டாரத்துலயும் இனி ஒனக்கு வில்லு கெடையாது" என்றார் குமாரதாஸ்.

சுனிதா புத்தகத்தை அவர் முகத்திலேயே வீசி— இல்லை. சரி என்றாள். குடம், உடுக்கு, பின்பாட்டு என்று அத்தனை வீட்டு அடுப்பும் அவளை நம்பித்தான் எரிகிறது. எனக்கும் கோபம்தான். ஆனால் அந்த அடுப்பில் நான் சோறு பொங்கவில்லை.

3

மதியக் கொடை. தாமரையைப் பாடினாள், அழகாகவே பாடினாள். பகவதியப்பன் மஞ்சணைக் குழம்பு பூசிக் கண்மூடி நின்றார். அருள் வரவில்லை.

(வெளியூர் வாசகருக்கு: வில்லில் அம்மன் வெட்டுப்படும் இடத்தில்தான் இந்தக் கோயில் சாமியாடிக்கு அருள் வரும். கமிட்டிக்காரர்கள் பிறந்ததிலிருந்து பார்த்த விஷயம். புராணம் எழுதும் அவசரத்தில் மறந்துபோனார்கள். நீங்கள் சிரித்துக்கொள்ளலாம், அங்கே யாரும் சிரிக்கவில்லை.)

குரவையிடக் காத்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுனிதா தாமரையை மறுபடியும் மலரவைத்தாள். பகவதியப்பன் நடித்திருக்கலாம். ஒரு துள்ளல், ஒரு கூச்சல், எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு அப்படி முடிக்க ஆசையாகக்கூட இருந்தது. அவர் சம்மதிக்கவில்லை. கண்ணைத் திறந்து வில்லருகே வந்து மெல்லச் சொன்னார்:

"பிள்ளே, அவள வெட்டு. வெட்டாம எப்பிடி வருவா?"

4

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். பழைய பாட்டில் வெட்டு விழுமுன் வெட்டியவனின் பெயர் வரும். பகவதியப்பன். அந்தக் குடும்பத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். அது தலைமுறை தலைமுறையாக இறங்கி இப்போது இந்தச் சாமியாடிமேல் இருக்கிறது. தம்பி தாமரையால் மூடப் பார்த்தது இதைத்தான்.

ஒரு முடிவில் மைக் அணைகிறது, சுனிதாவின் தொண்டையே ஊருக்குப் போதுமானதாக இருக்கிறது. இன்னொன்றில் பாடாமலே வில்லை மூட்டை கட்டிக்கொண்டு வேனேறுகிறாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். கைதட்டு எனக்குத்தான் கிடைத்தது, பொன்னம்மைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆகவே எழுதமாட்டேன். சுனிதா வில்லில் அடிக்கும் வீசுகோலை ஓங்கிவிட்டாள். குமாரதாஸ் மைக் சுவிட்சை நோக்கி நடக்கிறார். பகவதியப்பன் தன் பெயரைக் கேட்பதற்காக அவள் முன்னால் நிற்கிறார். பார்த்தவள் சொல்லுமுன் ஒருமுறை வெட்டுப்பட்டாள். இப்போது பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள். பெயர் உங்களுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லுங்கள்.